தலைக்கொரு குழை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாங்குளத்தில் என் கராஜுக்கு வருகிற வாகனங்களில் முக்கால்வாசிக்கு முன்னால் தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கும். என் வானில் தொங்காது. வாகன வயரிங் வேலையில் முப்பது வருசமாக இருக்கிறேன். லைற் எரியவில்லை என்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, நிறுத்தியும் எரிகிறதென்றால் எங்கோ வயர் முட்டுகிறது, என் வேதம் அவ்வளவுதான். பேய், முனி, காத்துக் கறுப்பு என்று யாராவது கராஜில் கதை தொடங்கினால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீ முதல் உன் பற்றரிக்குத் தண்ணி ஊற்று என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், ஆனால் முடியும்வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இருட்டில் மிரண்டுவிட்டான் என்றும் சொல்ல முடியாது, நடந்தது பட்டப்பகலில்.

என்னிடம் ஒரு கரவன் இருக்கிறது. பெரிய சாமான் ஒன்றுமில்லை, பழைய டீசல் வான் ஒன்றை வாங்கி, பின் சீற்றுகளைக் கழற்றி, ஒரு கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு பேசின், கூரையில் சோலார் தகடு எல்லாம் நானே பூட்டினது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்துச் சீற் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்ததால், வவுனியாவில் வாகனம் உடைக்கிற இடத்தில் ஒரு புதுக் காரின் சீற்றைக் கழற்றி வந்து போட்டேன். அந்த மாதிரிச் சீற்றுக்குக் கீழே மஞ்சள் பிளக்கோடு ஒரு வயர் வரும். ஆள் இருக்கிறாரா என்று பாரத்தில் அறிந்து, பெல்ற் போடாவிட்டால் கத்துகிற ஏற்பாடு அது. என் வான் அந்தக் காலத்து வான், அதற்கு அப்படிக் கத்தத் தெரியாது, அந்தப் பிளக்கைச் செருக அதில் இடமே இல்லை. ஆகவே வயரை வெட்டி, முனைக்கு ரேப் சுற்றி, சீற்றுக்கடியில் சுருட்டி வைத்தேன். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் பூமணி அக்கா இருந்தா. சொந்தமில்லை, ஆனால் யுத்தம் முடிந்து இருந்த முகாமில் எங்கள் கூடாரத்துக்கு அடுத்த கூடாரம், அதைவிடச் சொந்தம் என்ன இருக்கிறது. புருசன் சலரோகத்தில் போய்விட்டார். மகள் தர்சினி நோர்வேயில் கலியாணம் முடித்து இருக்கிறாள். மகன் ரூபன் கடைசி யுத்தத்தின்போது காணாமல் போனவன், அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அக்கா தேடாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை. இத்தனை வருசமாக அந்த வீட்டுக் கேற்றுக்குப் பூட்டுப் போட்டதை நான் கண்டதில்லை.

தர்சினி தாயைத் தன்னோடு கூப்பிட மூன்று தரம் கடதாசி எல்லாம் சரிப்படுத்தினாள். மூன்று தரமும் அக்கா மாட்டேன் என்றுவிட்டா. அவன் வந்து கேற்றைத் தட்டினால் யார் திறக்கிறது என்று ஒரே கேள்விதான் கேட்பா. ஆனால் முள்ளந்தண்டு தேய்ந்து அக்காவால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து இருக்க முடியாது, கிணற்றடியில் இரண்டு தரம் விழுந்து ஒருமுறை விடியும்வரை அப்படியே கிடந்தா. இந்தமுறை தர்சினி தானே வந்து நின்றாள். கராஜுக்கு வந்து என் முன்னால் அழுதாள். இதுதான் கடைசி முறை மாமா, இனி விசா கிடைக்காது, அம்மாவை இப்படியே விட்டுவிட்டுப் போனால் அடுத்து நான் செத்தவீட்டுக்குத்தான் வருவேன் என்றாள்.

அடுத்தநாள் பின்னேரம் அக்கா இடுப்பில் கை வைத்தபடி தானே நடந்து வந்தா. கதிரை போட்டேன், இருக்கவில்லை.

"தம்பி, உன்ரை அந்தக் கட்டில் போட்ட வானிலை என்னை ஒருக்காக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. ரூபனுக்கு ஒரு குழை குத்தவேணும். குத்திப்போட்டன் எண்டால் நான் இவளோடை போறன்."

குழை குத்துவது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெருங்காட்டுக்குள் போகிறவர்கள், காட்டு வாசலில் ஐயனாருக்கென்று இருக்கிற மரத்தில் தலைக்கொரு குழை, இலையோடு ஒரு சின்னக் கொப்பு, முறித்துச் செருகிவிட்டுப் போவார்கள். இத்தனை பேர் உள்ளே போகிறோம், பார்த்துக்கொள் என்று அவரிடம் சொல்வது மாதிரி. திரும்பி வரும்போது அவரவர் தன் குழையை எடுத்து மரத்தடியில் போடவேண்டும். வந்தாயிற்று என்று அர்த்தம். தேன் எடுக்கப் போகிறவர்களும் பாலைப்பழம் பொறுக்கப் போகிறவர்களும் இன்றைக்கும் செய்கிறார்கள். நான் செய்ததில்லை.

அக்கா நின்றபடியே விசயத்தைச் சொன்னா. இடம்பெயர்ந்து ரக்ரரில் புதுக்குடியிருப்புப் பக்கம் காட்டு றோட்டால் போன அன்றைக்கு, அந்த மரத்தடியில் ஒரு நிமிடம் நிறுத்தி அவசர அவசரமாகக் குழை குத்தியிருக்கிறா. புருசனுக்கு ஒன்று, தர்சினிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ரூபன் சைக்கிளில் முன்னால் போய்விட்டான். கண்ணுக்கு முன்னால் நிற்கவில்லை, கையும் எண்ணவில்லை. உள்ளே ஆற்றங்கரையில் அவன் இவர்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றான், சைக்கிளை ரக்ரரில் ஏற்றிவிட்டுத் தண்ணீர்க் கானை வாங்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினான், அதற்குப் பிறகு ஆள் இல்லை. தேடினார்கள், கூப்பிட்டார்கள், அதற்குள் அந்தப் பக்கம் பீரங்கிச் செல் விழத் தொடங்கிவிட்டது. அவன் ஏறேல்லை, வெளிக்கிடாதேங்கோ, வெளிக்கிடாதேங்கோ என்று அக்கா கத்தக் கத்தப் புருசன் அவவைப் பிடித்துக்கொண்டிருக்க ரக்ரர் வெளிக்கிட்டிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா, குழை குத்தின வீடுகளிலும் ஆட்கள் திரும்பி வரவில்லைத்தானே, இதை ஏன் உங்கள் தலையில் போடுகிறீர்கள் என்றேன், கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"அது எனக்கும் தெரியும் தம்பி. எண்டாலும் மறந்தது நான்தானே" என்றா.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். அக்கா பின்னால் கட்டிலில் படுத்திருந்தா, குலுக்கலில் இடுப்பு அடிபடாமல் தர்சினி பக்கத்தில் இருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள், முன் சீற் வெறுமையாய் இருந்தது. முல்லைத்தீவு றோட்டை விட்டுக் கிரவல் றோட்டில் இறங்கியதும் முதலில் வெறும் பற்றைதான், பிறகு பாலை மரங்கள் ஒன்றிரண்டாய்த் தலை காட்டின, பிறகு வானமே தெரியவில்லை. பாலைப்பழக் காலம், வழி முழுக்க மஞ்சளாய் விழுந்து கிடந்தது, குரங்குகளுக்குக் கொண்டாட்டம்.

ஐயனார் மரமும் ஒரு பெரிய பாலைதான். அடியில் ஒரு கல், கல்லில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. அக்கா பக்கத்து வீரை மரத்தில் தன் கையாலேயே நாலு குழை முறித்தா. குனியலாம், கையை உயர்த்தத்தான் இடுப்பு விடாது, ஆகவே ஒவ்வொன்றாய் என்னிடம் தந்தா, இது தர்சினிக்கு, இது எனக்கு, இது உனக்கு. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருகினேன். நாலாவதைக் கனநேரம் கையில் வைத்திருந்தா. பிறகு, இது ரூபனுக்கு என்று சொல்லித் தந்தா. அதை நான் மரப்பட்டை வெடிப்புக்குள் பெருவிரலால் அமத்தி, இழுத்துப் பார்த்து, இறுக்கிக் குத்தினேன். விழுந்துவிட்டால் மனுசி அதற்கும் அழும் என்று எனக்குப் பயம். அவ்வளவு இறுக்கமாகக் குத்தினது நான், என் கை.

அங்கிருந்து ஆறு அரை மணித்தியாலம். ஆற்றங்கரை மருத மரங்களை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நாலு பேர் கை கோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாது, வேர்கள் மட்டுமே என் இடுப்பு உயரம். எவ்வளவு செல் விழுந்த காடு, அந்த மரங்கள் அசையவில்லை. ஒன்றிரண்டில் மட்டும் இரும்புத் துண்டு புகுந்த இடத்தில் பட்டை மூடித் தழும்பாய் நின்றது. ஆறு வற்றி அங்கங்கே குட்டையாய்க் கிடந்தது. அக்கா ஒரு மரத்தை அடையாளம் கண்டா, கதிரை மாதிரி வளைந்த வேர், அன்றைக்கு அவன் அதில்தான் இருந்தானாம். பக்கத்தில் போய் நின்றா, வேரைத் தடவினா, அதில் இருக்கவில்லை. அழுவா என்று நான் தர்சினியைத் தயாராய் நிற்கச் சொல்லியிருந்தேன், அழவில்லை. காஸ் அடுப்பில் தேத்தண்ணீர் வைத்துக் குடித்தோம், கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டோம், அதற்குப் பிறகு அக்கா கட்டிலில் படுத்து நித்திரையாகிவிட்டா. குறட்டை கேட்டது. அம்மா இப்படி அயர்ந்து தூங்கி நான் கண்டதே இல்லை மாமா, எழுப்பாமல் கொஞ்சம் நிற்போம் என்றாள் தர்சினி. நின்றோம். நானும் டிரைவர் சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். நல்ல குளிர்ச்சி, ஒரு காற்றும் இல்லை, ஒரு இலை அசையவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது, வானின் இடப்பக்கம் ஒருமுறை தாழ்ந்து எழும்பியது. வாகனத்தோடு வாழ்கிறவனுக்கு அது தூக்கத்திலும் தெரியும், ஆள் ஏறினால் வில்லுத்தகடு அப்படித்தான் அமரும். தர்சினி முன்னுக்கு ஏறிவிட்டாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் ஒருவருமில்லை. தர்சினி தூரத்தில் குட்டையடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், பின்னால் அக்காவின் குறட்டை ஒரே சீராய்க் கேட்டது. மணலில் ரயர் புதைகிறது என்று நினைத்தேன். இப்போதும் வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிபோல வானை ஸ்ராட் பண்ணினேன். சத்தம் தொடங்கியது. பீப், பீப், பீப், பிறகு நீளமாய் ஒரு பீ...ப். மூன்று குறுக்கம், ஒரு நீளம். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, என் கையால் பூட்டின வானில் எனக்குத் தெரியாத சத்தமா. இன்வேட்டர் என்று நினைத்து அதை நிறுத்தினேன், நிற்கவில்லை. சோலாருக்கு வைத்த பின் பற்றரியின் வயரைக் கழற்றினேன், நிற்கவில்லை. எஞ்சினை நிறுத்தினால் நின்றது, ஸ்ராட் பண்ணினால் மறுபடி மூன்று குறுக்கம், ஒரு நீளம். டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுக் காதை வைத்துக் கேட்டேன், இந்த இடம் என்று பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் புதுக் கார்களில் பெல்ற் போடாவிட்டால் கத்துகிற சத்தம் இது என்று மண்டையில் பட்டது. கையைச் சீற்றுக்கடியில் விட்டேன். வெட்டின வயர் சுருட்டினபடி கிடந்தது. ரேப் பிரியவில்லை. தூசி கூட அப்படியே இருந்தது.

வேர்த்துக்கொட்டி நிமிர்ந்தபோது அக்கா எழும்பிக் கட்டிலில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"தம்பி, அந்த முன் பெல்ற்றைப் போட்டுவிடு."

"ஆருமில்லையே அக்கா."

"போட்டுவிடு."

வயசானவவின் மனத்தை ஏன் நோகடிப்பான் என்று இழுத்துக் கொழுவினேன். கிளிக் என்றது. சத்தம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் இல்லை. தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மெல்லச் சரிந்து படுத்தா.

"சரி, இனி வெளிக்கிடலாம்" என்றா.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். வெறும் சீற்றில் கொழுவின பெல்ற் சீற்றோடு ஒட்டித்தான் கிடக்கவேண்டும், உள்ளேயிருக்கிற சுருள் அதை இழுத்து வைத்திருக்கும். அது அப்படிக் கிடக்கவில்லை, சீற்றைவிட்டு ஒரு சாண் வெளியே நின்றது. கடைக்கண்ணால் ஒருமுறை பார்த்தேன், மறுமுறை பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கவில்லை, அழுகைதான் வந்தது. பள்ளம் திட்டியில் விழுத்தாமல் அந்த றோட்டை அவ்வளவு மெதுவாக நான் என் வாழ்க்கையில் ஓடினதில்லை.

ஐயனார் மரத்தடியில் இறங்கினோம். எங்களுடைய மூன்று குழைகளும் குத்தின இடத்தில் இருந்தன. வெடிப்புக்குள் இருந்த நாலாவது இல்லை. அது கீழே, கல்லுக்குப் பக்கத்தில், முறையாகப் போட்ட மாதிரிக் கிடந்தது. குரங்கு இழுத்துப் போட்டிருக்கும் என்றேன். ஓம் மாமா, குரங்காய்த்தான் இருக்கும் என்றாள் தர்சினி. குரங்கு என்றால் மற்ற மூன்றையும் ஏன் விட்டது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா இடுப்பு நோவோடு குனிந்து அந்தக் குழையை ஒரு விரலால் தொட்டா. எடுக்கவில்லை.

"கெட்டிக்காரன், தானே எடுத்துப் போட்டிட்டான்" என்று மட்டும் சொன்னா. பள்ளிக்கூடப் பிள்ளையைச் சொல்வது மாதிரிச் சொன்னா. எங்கள் மூன்றையும் நான் இழுத்தெடுத்து மரத்தடியில் போட்டேன்.

பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வந்துவிட்டோம். கேற்றடியில் நிறுத்தியதும் அக்கா முன் கதவைத் திறந்துவிடச் சொன்னா. திறந்து பெல்ற்றையும் கழற்றிவிட்டேன். அக்கா முன்னால் நடந்து போனா, குசினி லைற்றைப் போட்டா, உலை வைக்கிற சத்தம் கேட்டது. அடுத்தநாள் தானே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாவாம். கேற்றை யார் திறக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவேயில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கராஜைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் அந்த வானோடு மல்லுக்கட்டினேன். சீற்றைக் கழற்றினேன், டாஷ்போட்டை முழுதாகப் பிரித்தேன், மீற்றர் வைத்து ஒவ்வொரு வயராய்ப் பார்த்தேன். அந்தச் சத்தத்தைப் போடக்கூடிய சாமான் ஒன்றுகூட அந்த வானில் இல்லை.

விமான நிலையத்துக்கும் நான்தான் ஏற்றிப் போனேன். அக்கா கேற்றுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை என் கையில் தந்தா. பின்னால் ஏறிப் படுத்தா. ஒருவரும் சொல்லவில்லை, எஞ்சினை ஸ்ராட் பண்ண முதலே நான் முன் சீற் பெல்ற்றைக் கொழுவினேன், தர்சினி வேறு பக்கம் பார்த்தாள். விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பினால் பெல்ற் கழன்று மேலே சுருண்டிருந்தது. நான் கழற்றவில்லை. தர்சினி கழற்றவில்லை. அக்கா வானின் முன்பக்கமே வரவில்லை. திரும்பி வரும்போது வேண்டுமென்றே அந்த முன் பெல்ற்றைக் கொழுவாமல் ஓடினேன். மாங்குளம் வரும்வரை ஒரு சத்தமும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஏனோ தனிமையாக இருந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அரண்டவன் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் போயிருக்கும், தர்சினியின் புருசன் கஜன் நோர்வேயிலிருந்து போன் எடுத்தான். கலியாணத்தில் ஒருமுறை கண்ட பெடியன், இதற்குமுன் எனக்கு எடுத்ததே இல்லை. காட்டில் நடந்ததை அவனுக்குச் சொல்லவில்லை என்று தர்சினி பிறகு சத்தியம் பண்ணினாள். அம்மாவுக்கு மனநிலை சரியில்லை என்று அவர் நினைத்துவிடுவார் மாமா, அதனால் மறைத்தேன் என்றாள்.

"மாமா, ஒரு வயரிங் விசயம் கேக்கவேணும், சிரிக்காதேங்கோ" என்று தொடங்கினான். புதுக் கார், கரண்டில் ஓடுகிற கார். முன் சீற்றில் ஒருவரும் இல்லாமலே பெல்ற் போடச் சொல்லிக் கத்துகிறதாம். இரண்டு தரம் கராஜில் விட்டும் பிழை ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். மாமி வந்த கிழமை என்றான். காரில் மாமி எங்கே இருக்கிறவா என்று கேட்டேன். பின்னுக்குத்தான், முன்னுக்கு இருங்கோ என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டா, இப்போதும் பின்னுக்குத்தான் இருக்கிறா, ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டோம், இந்தா நீங்களே கேளுங்கோ என்று போனைக் கிட்டப் பிடித்தான்.

மூன்று குறுக்கம், ஒரு நீளம்.

முப்பது வருசமாக வயரைத் தவிர வேறொன்றையும் நம்பாதவன், கராஜில் கையில் கறுப்பு எண்ணெயோடு நிற்கிறேன்.

"தம்பி, அந்த முன் பெல்ற்றைப் போட்டுவிடுங்கோ."

"வெறும் சீற்றுக்கோ மாமா?"

"போட்டுவிடுங்கோ."

அவன் சிரித்தது கேட்டது. பிறகு கிளிக் என்றது. சத்தம் நின்றது. பின் சீற்றிலிருந்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"சரி, இனி வெளிக்கிடலாம்."